பத்து ஊர் பெறும் கல்

வேலை இல்லாத ராஜாவுக்கு ஏதாவது ஒரு பைத்தியம் பிடிக்கும். சிலர் யானை சேர்ப்பார்கள், சிலர் பெண்டாட்டி சேர்ப்பார்கள். கரட்டூர் ராஜா வெள்ளியங்கிரியோ கல் சேர்த்தார்.

மழை விட்டதும் கரட்டின் மேல் ஏறிவிடுவார். மண் கரைந்த இடத்தில் எது மினுங்கினாலும் குனிந்து எடுத்து, அங்கவஸ்திரத்தில் துடைத்து, ரத்தினப் பரீட்சகர் ஆபத்சகாயத்திடம் நீட்டுவார். ஆபத்சகாயம் அதை வெயிலில் பிடிப்பார். ஒரு கண்ணை மூடுவார். நாக்கு நுனியில் வைத்துப் பார்ப்பார். கல்லில் என்ன ருசியோ. பிறகு "மாணிக்கம்" என்பார், அல்லது "கோமேதகம்" என்பார். வெறும் கல் என்று அவர் வாயிலிருந்து ஒரு நாளும் வந்ததில்லை.

எப்படி வரும்? கரட்டூரில் ஒரு வழக்கம் இருந்தது. ரத்தினம் என்று பரீட்சகர் சொன்னால், ராஜா அவருக்கு மானியம் கொடுக்க வேண்டும். கல் எவ்வளவு உசத்தியோ மானியமும் அவ்வளவு உசத்தி. வெறும் கல்லுக்கு ஒன்றும் கிடையாது. இந்த வழக்கத்தை ஏற்படுத்தியவர் புத்திசாலியாகத்தான் இருக்க வேண்டும். அவரும் ஒரு பரீட்சகர்தான்.

ஆக, ஒரு சிவப்புக் கல் மாணிக்கமானது, அரண்மனை மாந்தோப்பு போயிற்று. காக்காப்பொன் ஒட்டிய பாறைச் சில்லு புஷ்பராகமானது, ஊர் மாடு மேயும் புறம்போக்கு போயிற்று. தட்டார் சுப்பராயன் மட்டும் அதைக் குருந்தக்கல்லில் உரசி, "மாவா உதிருதே மன்னா" என்றார். ராஜாவின் கண்ணைக் குறை சொன்னதாக அவரை மலையடியில் கல் உடைக்க அனுப்பினார்கள். கல்லைப் பற்றித் தெரிந்தவர் அல்லவா.

அந்த ஐப்பசியில் ஒரு நாள் காலை ராஜாவுக்குத் தேங்காய் மூடி அளவில் ஒரு வெள்ளைக் கல் அகப்பட்டது. கரட்டில் காலுக்குக் கால் இடறும் வெங்கச்சங்கல்தான் அது. மாடு மேய்க்கிறவன்கூட அதைக் காலால் தள்ளிவிட்டுப் போவான்.

"வைரம். பத்து ஊர் பெறும்" என்றார் ஆபத்சகாயம். மானியமாக அவர் கேட்டது செங்குளம். ஊர் நெல்லுக்கெல்லாம் அந்த ஒரு குளம்தான். மடைச் சாவி அவர் இடுப்புக்குப் போனால் ஊர் வாயில் மண்தான்.

ராஜாவுக்கு யோசனை சொல்லும் வேலை செவந்தியப்பனுக்கு. அவருக்கு யோசனை சொல்லும் வேலை அவர் மனைவி கருணாம்பாளுக்கு.

"குளம் போச்சுன்னா, நம்ம வயலுக்கு உங்க வாய்ஜாலத்தைப் பாய்ச்சறதா?" என்று அவள் கேட்டாள்.

"வெங்கச்சங்கல்லுன்னு சொன்னா நானும் சுப்பராயன் பக்கத்துல உக்காரணும்."

"அப்ப வைரம்னே சொல்லித் தொலைங்க. சோறு ஆறுது."

செவந்தியப்பன் சோற்றைப் பிசைந்தார். பிறகு இரண்டாவது தடவை ரசம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, சபைக்குக் கிளம்பினார்.

"நீ என்ன சொல்கிறாய், செவந்தியப்பா?" என்றார் ராஜா. கேட்ட தொனியிலேயே சம்மட்டிச் சத்தம் இருந்தது.

"வைரமேதான் மன்னா. ஆனால், வைரத்தை வைரம் என்று சொன்னவருக்கா இந்தக் குளம்? பாதி சேறு. பக்கத்துச் சீமையில் சிரிப்பார்கள்."

"பின்னே என்ன கொடுப்பது?"

"வைரத்தையே கொடுத்துவிடுங்கள்."

ஆபத்சகாயம் பதறிப்போய், "அடியேனுக்குச் சேறே போதும்" என்றார்.

"பாருங்கள், என்ன அடக்கம். இவருக்கா சேறு?"

கொடைவள்ளல் என்று பேர் வாங்க ராஜாவுக்கு வெகு நாளாக ஆசை. "அடுத்த மழைக்கு இன்னொன்று அகப்படாதா என்ன?" என்றார்.

"உங்கள் கண்ணுக்கு அகப்படாமலா?"

"சரி, கொடுத்தோம்."

ஆபத்சகாயம் கல்லை வாங்கிக்கொண்டார். ஒரு குளம்தானே, அடுத்த மழைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று வாசல் பக்கம் நகர்ந்தார்.

"பரீட்சகரே, மீதி?" என்றார் செவந்தியப்பன்.

"என்ன மீதி?"

"கல் பத்து ஊர் பெறும் என்றீர். உமக்குச் சேர வேண்டியது ஒரு குளம். பெரிய காசு கொடுத்துக் கத்தரிக்காய் வாங்கினால், கடைக்காரன் மீதி தருகிறானா இல்லையா? குளம் போக மீதியை வைத்துவிட்டுப் போம்."

"என்னிடம் ஏதய்யா பத்து ஊர்?"

"மாந்தோப்பு இருக்கிறது. புறம்போக்கு இருக்கிறது. வீடு, வண்டி, மாடு. எல்லாம் சேர்ந்தும் அரை ஊர் தேறாதுதான். மிச்சத்தை உம் மகனும் பேரனும் உழைத்துத் தீர்க்கட்டும். ஒன்றும் அவசரமில்லை."

"நியாயமாகத்தானே படுகிறது" என்றார் ராஜா. எதுவும் சட்டென்று புரியாத மனிதருக்கு இது மட்டும் புரிந்துவிட்டது.

ஆபத்சகாயம் கல்லோடு ஜன்னலோரம் போனார். வெயிலில் பிடித்தார். நாக்கில் வைத்தார். இந்தத் தடவை முகம் கோணிற்று.

"மன்னா, இது... வெங்கச்சங்கல் மாதிரி இருக்கிறது."

"மாதிரியா?"

"வெங்கச்சங்கல்லேதான்."

ராஜாவின் காது சிவந்தது. இது வெங்கச்சங்கல் என்றால் அலமாரி நிறைய இருப்பதெல்லாம் என்ன, அதையெல்லாம் குனிந்து குனிந்து பொறுக்கிய முட்டாள் யார் என்ற கேள்வி மெள்ள மெள்ள அவர் முகத்தில் ஏறிக்கொண்டிருந்தது. அது முழுக்க ஏறிவிட்டால் யார் தலைக்கும் உத்தரவாதமில்லை.

"செவந்தியப்பா, காலையில் வைரம். இப்போது வெங்கச்சங்கல். அது எப்படி?"

"இதில் என்ன அதிசயம் மன்னா? காலையில் உங்கள் கையில் இருந்தது. இப்போது இவர் கையில் இருக்கிறது. கல் என்ன செய்யும், பாவம்."

ராஜா ஒரு கணம் அவரையே பார்த்தார். பிறகு கிரீடம் நழுவுகிற அளவுக்குச் சிரித்தார். சிரித்து முடித்ததும் குளம் ஊருக்கே என்றார். தோப்பையும் புறம்போக்கையும் திருப்பி எழுதச் சொன்னார். சுப்பராயனைக் கூட்டிவந்து பரீட்சகராக்கி, ஆபத்சகாயத்தை, சுப்பராயன் விட்ட இடத்திலிருந்து கல் உடைக்க அனுப்பினார்.

"உனக்கும் ஏதாவது செய்ய வேண்டுமே" என்று செவந்தியப்பனைப் பார்த்தார். "என் அலமாரியில் எந்த ரத்தினம் வேண்டுமோ எடுத்துக்கொள்."

செவந்தியப்பன் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"வேண்டாம் மன்னா. அதெல்லாம் உங்கள் கையிலேயே ரத்தினமாக இருக்கட்டும்."