வராத படத்துக்கும் ஓர் இடம்

"எல்லாப் படமும் வந்த பிறகுதானே டீச்சர் காட்டணும்? அப்படித்தான் எழுதியிருக்கேன். ஆனா திரை வெள்ளையாவே நிக்குது."

பால்வண்ணம் கம்ப்யூட்டர் திரையைக் காட்டினார்.

அவருக்கு ஐம்பது வயது தாண்டிவிட்டது. டீச்சர் செண்பகவல்லிக்கு அதில் பாதிதான் இருக்கும். ஊரே செல்போனில் படம் எடுக்கத் தொடங்கியதும், பால்வண்ணம் தன் போட்டோ ஸ்டூடியோவை மூடிவிட்டு, புரோகிராம் எழுதக் கற்றுக்கொள்ள இந்த டீச்சரிடம் வந்து உட்கார்ந்தார்.

இது அவர் எழுதிய முதல் புரோகிராம். கம்ப்யூட்டருக்குள் கிடக்கும் படங்களை ஒவ்வொன்றாகக் கூப்பிட வேண்டும். எல்லாம் வந்து சேர்ந்ததும், ஆளுக்கொரு கட்டம் போட்டு, கீழே பெயர் எழுதி, ஒன்றாக அடுக்கிக் காட்ட வேண்டும்.

படங்கள் ஊரின் பழைய ஹாக்கி அணியினுடையவை. ஒரு காலத்தில் கோப்பை வாங்கி வந்த அணி. சாயங்காலம் மைதானத்துச் சுவரில் காட்டுகிறேன் என்று ஊர் விளையாட்டுச் சங்கத்தில் வாக்குக் கொடுத்துவிட்டார்.

"வெள்ளைச் சுவரைப் பார்க்கவா ஊரைக் கூட்டுறீங்க?" என்று வீட்டுக்காரி காலையிலேயே கேட்டுவிட்டாள்.

"நான் என்ன செய்யட்டும் டீச்சர்?"

டீச்சர் தன் குழந்தையின் தொட்டிலை ஒரு கையால் ஆட்டிக்கொண்டே, எதிர்க் கடைக்குக் குரல் கொடுத்தார்.

"அண்ணே, எல்லாருக்கும் டீ."

டீ வந்தது. கூடப் படிக்கிறவர்களும் ஆளுக்கொரு கிளாஸை எடுத்தார்கள்.

"இருங்க. எல்லாரும் வரட்டும். சேர்ந்து குடிப்போம்."

பிடித்த கிளாஸோடு உட்கார்ந்திருந்தார்கள். டீச்சர் வாசலைப் பார்த்தார். கொஞ்சம் கழித்து மறுபடியும் பார்த்தார்.

டீயில் ஆடை படிந்தது.

பால்வண்ணத்துக்கு எரிச்சலாக வந்தது. திரை அங்கே வெளுத்துக் கிடக்கிறது, இங்கே டீயும் ஆறுகிறது.

"யாருக்காக டீச்சர் பார்க்கிறோம்?"

"குருவம்மா வரலையே."

"அவ இன்னைக்குப் படிக்க வரமாட்டா. மகளுக்குக் காய்ச்சலாம். காலையிலயே எனக்குப் போன் பண்ணிட்டா."

"உங்களுக்குச் சொன்னா. எனக்கு யார் சொன்னா?"

"இப்ப நான் சொல்லிட்டேன்ல."

டீச்சர் கிளாஸைத் தூக்கிக் குடித்தார்.

பால்வண்ணம் குடிக்கவில்லை. கிளாஸை அப்படியே கீழே வைத்துவிட்டுக் கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்தார்.

வந்த படத்தை மட்டுமே புரோகிராம் கணக்கில் வைத்திருந்தது. 'நான் வரமாட்டேன்' என்று ஒரு படம் சொன்னால் அதைக் காதில் வாங்க அவர் ஒரு வரிகூட எழுதவில்லை. இப்போது எழுதினார். வந்தாலும் பதில்தான், வராவிட்டாலும் பதில்தான். எல்லாரும் பதில் சொன்ன பிறகு திரையைத் திற.

திரை திறந்தது.

முகம் முகமாக, வரிசை வரிசையாக மொத்த அணியும் வந்து நின்றது. கீழ் வரிசையில் ஒரே ஒரு கட்டம் காலி. அதன் அடியில் 'சவரிமுத்து, கோல்கீப்பர்' என்று பெயர் மட்டும் இருந்தது.

"இந்தப் படந்தான் கெட்டுப்போயிருக்கு டீச்சர். வேற படமும் கிடையாது. ஆள் எப்பவோ வடக்க வேலைக்குப் போயிட்டாரு." பால்வண்ணம் திரையிலிருந்து தள்ளி நின்று பார்த்தார். "பல்லு விழுந்த வாய் மாதிரி இருக்கு. அந்தக் கட்டத்தை எடுத்துடட்டுமா?"

"அவர் ஆடினாரா இல்லையா?"

"ஆடினாரு."

டீச்சர் தொட்டில் பக்கம் திரும்பிக்கொண்டார்.

சாயங்காலம் மைதானத்தில் நல்ல கூட்டம். பால்வண்ணத்தின் வீட்டுக்காரியும் வந்து ஓரமாக நின்றாள். இருட்டத் தொடங்கியதும் பால்வண்ணம் புரொஜெக்டர் பொத்தானை அழுத்தினார்.

சுவர் முழுக்க முகங்கள்.

"ஏலே, அது நீயாலே? எம்புட்டு முடி."

"உன் மீசையைப் பாரு, வரைஞ்சு விட்ட மாதிரி."

சிரிப்பு அடங்கியதும் சங்கச் செயலாளர் கீழ் வரிசையைக் காட்டினார்.

"பால்வண்ணம், எல்லாரையும் நிறுத்திட்டு கோலை மட்டும் திறந்து போட்டுட்டீரே ஐயா."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. பால்வண்ணத்துக்கு முகம் சுண்டிப்போனது.

அப்போது கடைசி வரிசையிலிருந்து ஒருவர் எழுந்தார். நரைத்த தாடி. தோளில் பயணப் பை. அதுவரை அவர் யாரென்று யாரும் கேட்டிருக்கவில்லை.

பையை இறக்கி வைத்தார். செருப்பைக் கழற்றினார். நேராகச் சுவரிடம் போனார். காலிக் கட்டத்துக்குள் முதுகைச் சாய்த்து, கொஞ்சம் இடப்பக்கம் நகர்ந்து, சரியாக நின்றுகொண்டார்.

வெளிச்சம் அவர் முகத்தில் விழுந்தது. பெயர் அவர் வயிற்றின் மேல் வந்து நின்றது.

இரண்டு கைகளையும் அகல விரித்தார்.

"இப்ப அடிங்கலே பார்ப்போம்."

மைதானமே எழுந்தது. பழைய ஆட்கள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சுவரைப் பார்த்து ஓடினார்கள். செயலாளர்தான் எல்லாருக்கும் முன்னால் ஓடினார்.

பால்வண்ணம் கண்ணைத் துடைத்துக்கொண்டு டீச்சரைத் தேடினார்.

டீச்சர் பக்கத்தில்தான் நின்றார். இடுப்பில் குழந்தை. கையில் ஆவி பறக்கும் ஒரு கிளாஸ்.

"எல்லாரும் வந்தாச்சு அண்ணாச்சி. இப்பவாவது குடிங்க."