டேங்க் காலியாகும் நாள்

அந்த மாதத்தில் மூன்றாவது தடவையாகப் பெட்ரோல் விலை ஏறிய அன்று, மகுடபதி கொதித்துப்போய் வாய்க்கால் மேட்டு மடத்துக்கு வந்தார். ஆட்டோவை நிறுத்திய வேகத்தில் வாசலில் படுத்திருந்த நாய் எழுந்து ஓடியது.

மடம் என்றால் பெரிதாக எதுவும் இல்லை. தகரக் கூரை, ஒரு அடுப்பு, பசி என்று வருகிறவர்களுக்குச் சோறு. நடத்துகிறவர் மயிலாத்தாள். வயது நாற்பதுகூட ஆகவில்லை. மகுடபதிக்கு மீசை முழுக்க நரைத்துவிட்டது. ஆனாலும் அவர்தான் சீடர், அந்த அம்மாள்தான் குரு. குரு சீடரை அண்ணா என்பார், சீடர் குருவை அம்மா என்பார். ஞானத்துக்குத் தாடி வேண்டும் என்று நினைக்கிறவர்கள் வேறு மடம் பார்த்துக்கொள்ளலாம்.

“அம்மா, முடிவு பண்ணீட்டோமுங்க” என்றார் மகுடபதி. அவர் பஸ் நிலைய ஆட்டோ ஸ்டாண்டின் செயலாளர். “நாளைக்கு எங்க ஸ்டாண்டுல ஒருத்தனும் பெட்ரோல் போட மாட்டான். நாள் முச்சூடும் புறக்கணிப்பு. ஃப்ளெக்ஸ் கட்டியாச்சுங்க.”

“நல்லதுங்ணா. இப்ப எங்கிருந்து வர்றீங்க?”

“பங்க்ல இருந்துதானுங்க. டேங்க்கை ரொப்பீட்டு வர்றேன். நாளைக்கு வண்டி ஓடோணுமல்லங்க. எங்க ஆளுங்க எல்லாரும் அங்கதான் நிக்கறாங்க. தேர்க்கூட்டம் கெட்டுது போங்க.”

மயிலாத்தாள் ஒரு வாழை இலையைப் போட்டு உட்கார்ந்தார்.

“உங்க போராட்டத்துக்கு ஆதரவா நாளைக்கு நான் உண்ணாவிரதம்” என்றார்.

மகுடபதிக்குக் கண் கலங்கிவிட்டது. கையெடுத்துக் கும்பிட்டார்.

மயிலாத்தாள் சோறு போட்டுக்கொண்டார். குழம்பு ஊற்றிச் சாப்பிட்டார். மறுபடியும் போட்டுக்கொண்டார். ரசம் ஊற்றிச் சாப்பிட்டார். ரசத்துக்குப் பிறகு திரும்பவும் குழம்புக்கு வந்தார். மற்ற நாட்களில் ஒரு கரண்டிச் சோற்றோடு எழுந்துவிடுகிற மனுஷி. மகுடபதி முடிந்த மட்டும் பொறுத்துப் பார்த்தார்.

“அம்மா, குத்தமா நெனைக்கக் கூடாது. நாளைக்குத் திங்கறதையும் சேத்தி இன்னைக்கே தின்னுபோட்டா, அது என்னங்க உண்ணா...”

வாய் பாதியில் நின்றது.

மயிலாத்தாள் மோர் ஊற்றிக்கொண்டார்.

“பங்க் ஓனர் ஏதாச்சும் சொன்னாருங்ளா?”

“வரிசையில நின்னவங்களுக்கெல்லாம் ஜிலேபி குடுத்தாருங்க” என்றார் மகுடபதி, தரையைப் பார்த்தபடி. “போராட்டம் நல்லா நடக்கோணும்னும் சொன்னாரு.”

வெட்கமும் கோபமும் அவருக்கு ஒன்றாக வந்தன. அப்படி வரும்போது மனிதனுக்குக் குரல்தான் முதலில் உயரும்.

“நாங்க சும்மாவா இருக்கறோம்? போன தடவை ஏறுனப்ப அத்தனை ஆட்டோவையும் கயிறு கட்டித் தாலுகா ஆபீஸ் வரைக்கும் இழுத்துட்டுப் போனோமுங்க. பேப்பர்ல போட்டோ வந்துச்சு.”

“அப்பறம்?”

“இன்ஸ்பெக்டர் கலைஞ்சு போங்கன்னாரு. ஸ்டார்ட் பண்ணி வந்துட்டோம்.”

“ஸ்டார்ட் ஆச்சுங்ளா?”

“ஆகாம என்னங்க?”

மயிலாத்தாள் மோரைக் குடித்து முடித்தார்.

“கிண்டல் பண்ணாதீங்கம்மா” என்றார் மகுடபதி. குரல் இறங்கிவிட்டது. “வேற வழியில்லாம வாடகையை ஏத்துனோம். மில்லுக்குப் போற பொண்ணுங்கதான் எங்களுக்குச் சோறு. இப்ப ஒருத்தியும் ஏறறதில்லீங்க. லாரி பறக்கற பைபாஸ்ல நடந்தே போறாங்க. இன்னும் ரெண்டு வாரம் இப்படியே போச்சுன்னா பைனான்ஸ்காரன் வந்து என் வண்டியைத் தூக்கீட்டுப் போயிருவான். எனக்கு இந்த வண்டியை உட்டா ஒண்ணும் தெரியாதுங்க.”

“அந்தப் பொண்ணுங்ககிட்ட என்ன சொல்லி வாடகையை ஏத்துனீங்க?”

“பெட்ரோல் ஏறிருச்சு, நான் என்ன பண்றதுன்னேன்.”

“பங்க்காரர் உங்ககிட்ட என்ன சொன்னாரு?”

“அவரும் அதையேதானுங்க சொன்னாரு.”

மயிலாத்தாள் இலையை மடித்துக்கொண்டே கேட்டார். “அண்ணா, சண்டைக்குப் போறீங்க. திரும்பி வர்றதுக்கு டேங்க்ல எவ்வளவு வெச்சிருக்கீங்க?”

மகுடபதி வாசலில் நின்ற ஆட்டோவைப் பார்த்தார். டேங்க் கழுத்து வரைக்கும் நிறைந்திருந்தது.

நேராக ஸ்டாண்டுக்குக் கிளம்பிப் போனார்.

அன்று பொழுதோடு ஃப்ளெக்ஸை அவிழ்த்தார்கள். டீக்கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். புலி பதுங்குது என்று ஒருவர் சொன்னது மகுடபதியின் காதில் விழத்தான் செய்தது.

ஸ்டாண்டில் எல்லாரையும் கூப்பிட்டு நிறுத்திச் சொன்னார். “ரொப்புனது தீர்ற வரைக்கும் ஓட்டுங்க. தீந்ததுக்கப்பறம் ஒரு சொட்டு போட வேண்டாம். தீந்த வண்டி ஸ்டாண்டுலயே நிக்கட்டும். கடைசி வண்டியும் நின்ன அன்னைக்கு எல்லாத்தையும் தாலுகா ஆபீசுக்குத் தள்ளுவோம்.”

“தள்ளீட்டுப் போயிரலாமுங்ணா” என்றான் செங்கோடன் என்கிற டிரைவர். “திரும்ப எப்படி வர்றது?”

“வர வேண்டாம்.”

ஸ்டாண்டுக்கு அது புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. புரிந்ததும் எங்கிருந்தோ ஒரு விசில் வந்தது.

ஒவ்வொரு வண்டியாக இருமி நின்றது. கடைசி வண்டியும் நின்ற அன்று மத்தியானம் தள்ள ஆரம்பித்தார்கள். நல்ல வெயில். பைபாஸ் ஏற்றத்தில் மகுடபதிக்கு மூச்சு வாங்கியது.

எதிரே ஷிப்ட் முடிந்த மில் பெண்கள் நடந்து வந்துகொண்டிருந்தார்கள். வாடகை ஏறியபோது எல்லாரையும்விட அதிகமாகச் சண்டை போட்ட பாவாயி முன்னால் வந்தாள். பார்த்ததும் அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

“ஏனுங்ணா, உங்க ஆட்டோவுல உங்களுக்கே எடமில்லீங்களா?”

மகுடபதி வண்டியை விட்டுவிடாமல் நின்றார்.

“அம்மிணி, உன்ற தலையில ஏத்துனது தப்பு. எனக்கு எளைச்சவ நீதான்னு உன்மேல ஏத்தீட்டேன். யார்கிட்டப் போகோணுமோ அங்கதான் இப்பப் போறேன். இனி பழைய வாடகைதான். வண்டி போனாலும் சரி.”

பாவாயியின் சிரிப்பு நின்றது. அவள் தன் கூட வந்தவர்களைத் திரும்பிப் பார்த்தாள். சாப்பாட்டுத் தூக்குப்போசியை ஆட்டோ சீட்டில் வைத்தாள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

“தள்ளுங்க” என்றாள்.

எல்லாப் பெண்களும் திரும்பினார்கள். வந்த வழியிலேயே ஆட்டோக்களைத் தள்ளிக்கொண்டு போனார்கள். பின்னால் நின்ற லாரிகள் ஹாரன் அடித்து ஓய்ந்துபோயின.

தாலுகா ஆபீஸ் வாசலை அடைத்து ஆட்டோக்கள் நின்றன. தாசில்தாரின் ஜீப் உள்ளே மாட்டிக்கொண்டது.

இன்ஸ்பெக்டர் வந்தார். “சரி, சரி. போட்டோ எடுத்தாச்சில்ல? வண்டியை எடுங்க.”

“சாவி இந்தாங்க சார்” என்றார் மகுடபதி. “நீங்களே எடுங்க.”

இன்ஸ்பெக்டர் உட்கார்ந்து பார்த்தார். வண்டி உறுமக்கூட இல்லை. அடுத்த வண்டியிலும் உட்கார்ந்து பார்த்தார். மூன்றாவது வண்டியில் பாவாயியும் இரண்டு பெண்களும் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார்கள். அதைப் பார்த்துவிட்டு இறங்கி, ஒரு கான்ஸ்டபிளிடம் கேனைக் கொடுத்துப் பங்க்குக்கு அனுப்பினார். கேனில் பெட்ரோல் ஊற்றக் கூடாது என்று சட்டம் சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். இத்தனை வருஷத்தில் அந்தப் பங்க் சட்டத்தைக் காப்பாற்றியதில் மகுடபதிக்குச் சந்தோஷம் வந்தது அன்றுதான்.

தாசில்தார் வெளியே வந்தார். “விலையை நானா ஏத்துனேன்? ஏறிடுச்சு, நான் என்ன பண்றது?”

மகுடபதி எழுந்து நின்றார்.

“அந்தப் பேச்சை நானும் பேசுனவன்தானுங்க. இனிப் பேச மாட்டேன். நீங்க உங்க மேல இருக்கறவங்களைக் கேளுங்க. அவங்க அவங்களுக்கு மேல கேக்கட்டும். எங்களுக்குக் கீழ இனி யாரும் இல்லீங்க.”

கூட்டம் ஒரு சத்தமும் போடவில்லை. கோஷத்தைவிட அதுதான் தாசில்தாரைத் தொந்தரவு செய்தது. போனை எடுத்தார். எல்லார் முன்னாலும் கலெக்டர் ஆபீசுக்குப் பேசினார். அங்கிருந்து வந்த பதிலைக் கேட்டுக்கொண்டே நின்றார். அன்று அவர் வீட்டுக்கு நடந்துதான் போனார்.

பொழுது சாய்கிற நேரத்தில் மயிலாத்தாள் கூழ்ப் பானையோடு வந்து சேர்ந்தார். எல்லாரும் குடித்தார்கள். ஷிப்டுக்கு இனி இந்த ஸ்டாண்டு வண்டியில்தான் வருவது, ஒரு வண்டியையும் காலியாக ஓட விடுவதில்லை என்று பாவாயி பெண்களிடம் பேசி முடித்திருந்தாள். மகுடபதிக்கு அதைக் கேட்டு நெஞ்சு நிறைந்தது. இருந்தாலும் மனசு ஒரு இடத்தில் அரித்துக்கொண்டே இருந்தது. குருவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

“அம்மா, விலை எறங்குமுங்ளா?”

“நாளைக்கே எறங்காதுங்ணா.”

“இன்னும் ஏத்துனாலும் ஏத்துவாங்க.”

“ஏத்துவாங்க.”

“அப்பறம் எதுக்குங்க இத்தனை பாடு?”

மயிலாத்தாள் அவருக்கு இன்னொரு டம்ளர் கூழ் ஊற்றினார்.

“அடுத்த தடவை ஏறுனா, பாவாயிகிட்டப் போவீங்ளா?”

“செத்தாலும் போக மாட்டேனுங்க.”

“அப்ப எங்க போவீங்க?”

மகுடபதி நிமிர்ந்து, அடைபட்டுக் கிடந்த வாசலைப் பார்த்தார்.

“இங்கதானுங்க.”

“அது உள்ள இருக்கறவங்களுக்கும் இன்னைக்குத் தெரிஞ்சுபோச்சுங்ணா” என்றார் மயிலாத்தாள்.