வடக்கெல்லை வைக்கோற்போர்

முன்னொரு காலத்தில், மண்ணைக் கோலால் அளந்து மனிதரை வாயால் அளந்துகொண்டிருந்த ஒரு நாட்டில், ராஜா வழக்கு மண்டபத்திலேயே தூங்கிப்போனார். அவர் மேல் தப்பில்லை, கண்ணுகளா. விடிந்ததிலிருந்து நிலத் தகராறு. ஒருவன் ஒத்தி என்கிறான், இன்னொருவன் கிரயம் என்கிறான், மூன்றாமவன் வில்லங்கம் என்று குறுக்கே வந்து நிற்கிறான். ராஜாவுக்குத் தெரிந்ததெல்லாம் போர்க்களத்து வார்த்தைகள்தான். திடுக்கிட்டு விழித்தவர், "வயல் இவனுக்கே!" என்று கையை நீட்டித் தீர்ப்புச் சொல்லிவிட்டார். அந்தக் கைக்கு நேரே நின்றவன் சாமரம் வீசுகிற ஆள்.

மண்டபமே சிரித்தது. ராஜாவுக்கு மூக்கு சிவந்தது.

"இனி என் சபையில் நிலத்தைப் பற்றி வாய் திறப்பவர் எவராயினும் நிலச் சொற்களில் தேர்வு கொடுத்துச் செப்பு முத்திரை பெற்றிருக்க வேண்டும். தரகராயினும் சரி, வழக்காடுபவராயினும் சரி. முத்திரை இல்லாமல் பேசினால் பாதித் தலை மொட்டை!"

தேர்வு நடத்தும் பொறுப்பு ஓலைநாயகம் நீலகங்கருக்குப் போயிற்று. நாட்டிலுள்ள நில ஓலை எல்லாம் அவர் கையால்தான் எழுதப்படும். ஒரு மாதத்தில் பதினோரு பேர் தேறினார்கள். இரண்டு பேர் அவருடைய மருமகன்கள், எட்டுப் பேர் அவருடைய கணக்கர்கள், பதினோராவது ஆள் அவர் வீட்டுச் சமையற்காரர்.

அரண்மனை விகடன் காரிக்கு இதெல்லாம் முதலில் வேடிக்கையாகத்தான் இருந்தது. சமையற்காரரின் முத்திரையைப் பார்த்து, "ரசத்துக்கும் இனி நாலெல்லை எழுதுவீரோ?" என்று கேட்டுச் சபையைச் சிரிக்க வைத்தான். நீலகங்கர் சிரிக்கவில்லை. காரியைப் பார்த்து ராஜா சிரிக்கும் ஒவ்வொரு சிரிப்பும் தன் பையிலிருந்து திருட்டுப் போனது மாதிரி இருக்கும் அவருக்கு.

அப்படியிருக்கும்போது தை மாதக் கடைசியில் பெருநாச்சி அரண்மனை வாசலுக்கு வந்தாள். வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருப்பவள். புருஷன் போனபிறகு தனி ஆளாகக் கொடியேற்றி, இலை கிள்ளி, நூறு நூறாகக் கவுளி கட்டி விற்றுப் பிழைக்கிறவள். காவலாளி அவளைப் படியிலேயே மறித்தான்.

"எதப் பத்திப் பேசணும்?"

"நெலத்தப் பத்தி."

"முத்திரை இருக்கா?"

"என் நெலத்தப் பத்தி நான் பேசறதுக்கு எதுக்குய்யா முத்திரை?"

"பாதித் தலை போயிரும். பேசாம வீட்டுக்குப் போம்மா."

அவள் போகவில்லை. அங்கேயே நின்றாள். வெயில் ஏறியும் நின்றாள். அந்த வழியாக வந்த காரி என்ன விஷயமென்று விசாரித்தான்.

"அண்ணே, நாலு வருசத்துக்கு முந்தி என் ஓலையச் செல்லரிச்சுப்போச்சுன்னு ஓலைநாயகத்து ஆளுங்க வாங்கிட்டுப் போயி, புதுசு எழுதிக் குடுத்தாங்க. கிழக்க வாய்க்கா, தெக்க பாறை, மேக்க புளியமரம். வடக்க என்ன எழுதியிருக்காங்க தெரியுமா? நீலகங்கர் வைக்கோற்போராம்!"

காரிக்குச் சிரிப்பு வந்தது. அவள் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது.

"வருசா வருசம் அறுப்பு முடிஞ்சதும் பழைய போரு தீந்துபோவும். புதுப் போரு எங்க வைப்பாரு? மூணு கோல் தெக்க தள்ளி, என் கொடிக்காலுக்குள்ள. கேட்டா, 'ஓலையப் பாரு, போர்தான் எல்லை'ங்கறாரு. இந்தத் தையில கிணத்தையும் தாண்டி வச்சுட்டாரு அண்ணே. ஏத்தத்தக் கழட்டிப் போட்டுட்டானுங்க. தண்ணி இல்லாம கொடிக்கால் இன்னும் பத்து நாள் தாங்கும். அதுக்கப்புறம் அது சருகுதான்."

காரி தன் தலைப்பாகையை அவிழ்த்து உதறி மறுபடி கட்டினான். கோபம் வந்தால் அவன் செய்வது அது ஒன்றுதான்.

"தாயி, நீ பேசக்கூடாதுன்னா நான் பேசறேன். அதுக்கு நான் முத்திரை வாங்கணும். வாங்கறேன்."

அடுத்த மூன்று நாள் அவனை அரண்மனைப் பக்கம் யாரும் பார்க்கவில்லை. சந்தைக்குப் போனான், தரகர்களோடு உட்கார்ந்தான், எல்லைக்கல் செதுக்குகிற தச்சனிடம் பேசினான், அரசாங்க யானைக் கொட்டடியில் பாகனோடு பாதி நாள் கதையளந்தான். விகடனுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று சபையோர் சொல்லிக்கொண்டார்கள். நான்காம் நாள் காலை ராஜாவின் முன்னால் வந்து நின்றான்.

"மகாராஜா, நானும் தேர்வு கொடுக்கிறேன்."

ராஜாவுக்குப் பரம சந்தோஷம். நீலகங்கர் கைகட்டி எழுந்தார். "தாராளமாகக் கொடுக்கட்டும், மகாராஜா. ஆனால் அரசாங்கத் தேர்வைக் கேலிக்கூத்தாக்க நினைப்பவர் தோற்றால் நாட்டை விட்டுப் போக வேண்டும். அதற்குச் சம்மதமா?"

"சம்மதம்," என்றான் காரி. பெருநாச்சி சபையின் ஓரத்தில் நிற்க அனுமதி வாங்கியிருந்தான், பேசக்கூடாது என்ற நிபந்தனையோடு.

"ஒத்திக்கும் கிரயத்துக்கும் பேதம் யாது?" என்று ஆரம்பித்தார் நீலகங்கர்.

"ஒத்தி, விருந்துக்கு வந்த மாப்பிள்ளை. கொடுத்த பணம் திரும்பும்வரை இருப்பார், விளைந்ததைச் சாப்பிடுவார், பணம் திரும்பியதும் போயாக வேண்டும். கிரயம், வீட்டோடு மாப்பிள்ளை. இனி போகமாட்டார்."

ராஜா தொடையைத் தட்டினார். "அட, இதுதானா! இத்தனை நாள் எவரும் எனக்கு இப்படிச் சொல்லவில்லையே. வில்லங்கம் என்றால்?"

"பெண் பார்த்து, பூ வைத்து, பந்தலும் போட்டபிறகு, 'எனக்குத்தான் முதலில் பேசி வைத்தார்கள்' என்று ஒரு முறைமாப்பிள்ளை வந்து நிற்பது, மகாராஜா. நிலத்தின் மேல் முன்பே ஒருவருக்கு உரிமை இருந்தால் அதுதான் வில்லங்கம். பந்தல் போடுமுன் விசாரிக்க வேண்டும்."

"வழிநடைப் பாத்தியம்?" என்று குறுக்கிட்டார் நீலகங்கர். குரல் ஏறியிருந்தது.

"என் வயல் உங்கள் வயலுக்கு நடுவே மாட்டிக்கொண்டால், உங்கள் வரப்பில் நடந்து போக எனக்குள்ள உரிமை. வரப்பு உங்களுடையது, நடை என்னுடையது."

சபையில் சிரிப்பு. நீலகங்கர் அது அடங்கும்வரை காத்திருந்தார். பிறகு மெதுவாக, தேன் தடவின குரலில் கேட்டார்:

"கடைசிக் கேள்வி. ஓலையில் அளவு ஒன்று சொல்கிறது, எல்லை வேறொன்று சொல்கிறது. எது நிற்கும்?"

காரிக்குக் கண்ணி புரிந்தது. பெருநாச்சியின் ஓலையில் அளவு இரண்டு மா. அளவுதான் நிற்கும் என்றால் அவளுடைய கிணறு அவளுக்கு. ஆனால் அது தப்பான விடை. அப்படிச் சொன்னால் அவன் இன்றைக்கே நாட்டை விட்டுப் போக வேண்டும். எல்லைதான் நிற்கும் என்பது சரியான விடை. சொன்னால் முத்திரை கிடைக்கும், கிணறு போய்விடும். சந்தையில் அத்தனை தரகர்களும் ஒரே மாதிரி சொன்ன விடை அது. மூன்று நாளாக அவன் தூக்கம் கெட்டதும் அதை நினைத்துத்தான்.

அவன் பெருநாச்சியைப் பார்க்கவில்லை.

"எல்லைதான் நிற்கும்," என்றான்.

ஓரத்தில் அவள் மூச்சை உள்ளிழுத்த சத்தம் அவனுக்குக் கேட்டது.

"தேறினார்!" என்று நீலகங்கரே முதலில் கைதட்டினார். அவருக்கு அன்று போல் மகிழ்ச்சி என்றும் இருந்ததில்லை. ராஜா தம் கையாலேயே செப்பு முத்திரையை எடுத்துக் காரியின் கழுத்தில் போட்டார்.

"மகாராஜா, ஒரே ஒரு விண்ணப்பம். பெருநாச்சி கொடிக்காலுக்குப் புது ஓலை எழுதினார்களே தவிர, பிடி நடத்தவில்லை. நம் நாட்டு வழக்கப்படி பெண்யானையை எல்லையில் நடத்தி, அது நடந்த தடத்தில் கல்லும் கள்ளியும் நட்டால்தானே ஓலை முழுமையாகும்? நாளை மறுநாள் நடத்திவிடலாம்."

"நடத்துங்கள், மகாராஜா," என்றார் நீலகங்கர். "எல்லை எது என்று விகடரே சொல்லிவிட்டார். கல்லும் நட்டுவிட்டால் பிறகு எவரும் வாய் திறக்க முடியாது."

வெளியே வந்ததும் பெருநாச்சி காரியை வழிமறித்தாள்.

"அண்ணே, நீயும் அவரு பக்கமா? கிணத்தத் தூக்கிக் குடுத்துட்டியே!"

"நாளை மறுநாள் வரைக்கும் என்னைத் திட்டாம இரு, தாயி. அப்புறம் வேணும்னா மொத்தமா சேர்த்து வச்சுத் திட்டிக்கோ."

"கொடி வாடுதண்ணே."

"தெரியும். ரெண்டே நாள். குடத்துல தூக்கியாவது ஊத்திக் காப்பாத்து. நானும் வரேன்."

சொன்னபடியே போனான். அந்த இரண்டு நாளும் அரை நாழிகை நடை தள்ளியிருந்த குளத்திலிருந்து அரண்மனை விகடன் குடம் சுமந்தான். பார்த்தவர்கள் சிரித்தார்கள். அவன் ஒருவரையும் திருப்பிக் கேலி செய்யவில்லை. இடையில் ஒரு தடவை மட்டும் கொட்டடிக்குப் போய்ப் பாகன் காதில் ஏதோ சொல்லிவிட்டு வந்தான்.

குறித்த நாளில் ராஜா வந்தார், சபை வந்தது, கல் நடுகிறவர்களும் கள்ளிச் செடி சுமந்தவர்களும் வந்தார்கள். நெற்றியில் மஞ்சள் பூசிய பிடி அசைந்து அசைந்து வந்தது. வாய்க்கால் ஓரமாகக் கிழக்கெல்லை நடந்தது, பாறையைச் சுற்றித் தெற்கெல்லை நடந்தது, புளியமரத்தைத் தொட்டு மேற்கெல்லை நடந்தது. போகப் போகக் கல் விழுந்தது, கள்ளி விழுந்தது. நீலகங்கர் மீசையை நீவிக்கொண்டு முன்னால் நடந்தார்.

வடக்கெல்லை வந்தது. கிணற்றுக்குத் தெற்கே, புது வைக்கோற்போர் பொன் மலை மாதிரி நின்றது.

பிடி நின்றது. துதிக்கையை நீட்டி முகர்ந்தது. பிறகு ஒரு கட்டு உருவி வாயில் போட்டுக்கொண்டது. இன்னொரு கட்டு. இன்னொன்று. நேற்றுக் காலையிலிருந்து பாகன் அதற்குத் தண்ணீர் மட்டும்தான் காட்டியிருந்தான்.

"ஏய், ஏய்! என் போர்!" என்று கத்தினார் நீலகங்கர். "பாகா, பிடியைத் திருப்பு!"

"எல்ல நடக்குற பிடிய மறிக்கக்கூடாதுங்க. பெரியவங்க வச்ச சட்டம்," என்றான் பாகன், மேலே உட்கார்ந்தபடி.

"தின்னட்டும், விடுங்கள்," என்றான் காரி. "போர் தீர்ந்தால் என்ன, எல்லை தீரும். அவ்வளவுதானே?"

நீலகங்கர் போரையும் பிடியையும் மாறி மாறிப் பார்த்தார். ஒரு துரும்பைக் கூட இன்னொருவருக்கு விட்டுக்கொடுத்தறியாத மனிதர் அவர். போரும் போகிறது, எல்லையும் போகிறது. யோசிக்க நேரமில்லை. "டேய், வண்டியக் கட்டுங்கடா! வைக்கோல அள்ளுங்க! சீக்கிரம்!" என்று தம் ஆட்களை விரட்டினார். அவர்களும் விழுந்தடித்து மூன்று வண்டியில் அள்ளினார்கள்.

"எங்கங்க கொண்டுபோறது?"

"எங்கயாவது! என் வீட்டுக் கொல்லைக்கு ஓட்டுங்கடா!"

வண்டிகள் வடக்கே ஓடின. பசித்த பிடி சும்மா நிற்குமா? துதிக்கையை நீட்டிக்கொண்டே பின்னால் நடந்தது. பிடி நடந்த தடம்தான் எல்லை. காரி கையைத் தட்டினான். "கல் நடுகிறவர்களே, என்ன வேடிக்கை பார்க்கிறீர்கள்? வாருங்கள்!"

நீலகங்கரின் நெல்வயல் நடுவே கல் விழுந்தது. அவருடைய தென்னந்தோப்பில் கள்ளி விழுந்தது. அவருடைய மாளிகையைச் சுற்றிக்கொண்டு பிடி போனது. கல்லும் கூடவே போனது. கடைசியில் கொல்லையில், அவிழ்த்துக் கொட்டிய வைக்கோலுக்கு முன்னால் பிடி நின்று, நிம்மதியாகத் தின்ன ஆரம்பித்தது. அங்கே ஒரு கல்லை நட்டு, அதன் மேல் உட்கார்ந்தான் காரி.

"மகாராஜா, பெருநாச்சியின் வடக்கெல்லை இதோ. நீலகங்கர் வைக்கோற்போர். ஓலையில் உள்ளபடி, ஒரு துரும்பு கூட மாறவில்லை. இரண்டு மா என்று அளவு சொல்கிறதே என்று எவரும் கேட்க வேண்டாம், எல்லைதான் நிற்கும். ஓலைநாயகம் கைதட்டி ஒப்புக்கொண்ட விடை. ஆகவே இந்த மாளிகை, தோப்பு, வயல் எல்லாம் கொடிக்காலுக்குள் வந்துவிட்டன. நீலகங்கர் இன்று சாயங்காலத்துக்குள் காலி செய்துவிட்டால் நல்லது. வழிநடைப் பாத்தியம் வேண்டுமானால் பெருநாச்சியைக் கேட்டுப் பார்க்கட்டும்."

ராஜாவின் உதடு துடித்தது. அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "நீலகங்கரே, உமது மறுமொழி?" என்றார்.

"மகாராஜா! இது அநியாயம்! வைக்கோற்போர் எப்படி எல்லையாகும்? அது நகரக் கூடியது! நகருகிற பொருளை எவனாவது எல்லையாக..."

பாதியில் நிறுத்திக்கொண்டார். சபை அவர் வாயையே பார்த்தது. பிடி மட்டும் மென்றுகொண்டிருந்தது.

"இரண்டில் ஒன்றை அவரே எடுத்துக்கொள்ளட்டும், மகாராஜா," என்றான் காரி. இப்போது அவன் குரலில் விகடம் இல்லை. "போர் எல்லையாகும் என்றால் மாளிகை அவளுக்கு. ஆகாது என்றால், நாலு வருஷமாகப் போர் நகர்ந்து நகர்ந்து விழுங்கிய மண்ணெல்லாம் அவளுக்கு, கிணற்றோடு."

நீலகங்கர் தம் மாளிகையை ஒருமுறை பார்த்தார். "ஆகாது," என்றார், யாருக்கும் கேட்காத மாதிரி.

"அப்படியானால் இந்தச் சின்ன விஷயமே தெரியாமல் நாலு வருஷமாக ஓலை எழுதியிருக்கிறீர்," என்றார் ராஜா. "முதலில் நீர் தேர்வு கொடுத்துத் தேறும். அதுவரை எழுத்தாணியைத் தொடக்கூடாது. பெருநாச்சி, இவரை நீயே கேள்வி கேள். உன் நிலத்தைப் பற்றிப் பேச இன்றுமுதல் உனக்கு முத்திரை வேண்டாம். சொந்த மண்ணைப் பற்றிப் பேசும் எவருக்கும் வேண்டாம். பிறர் மண்ணை விற்க வருபவர்களுக்கு மட்டும்தான் தேர்வு."

பெருநாச்சி முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு முன்னால் வந்தாள். இத்தனை நாள் படியில் மறிக்கப்பட்டவள், ஓலைநாயகத்தின் முகத்துக்கு நேராக நின்றாள்.

"ஐயா, எல்லைன்னா என்ன?"

நீலகங்கர் தலையைக் குனிந்துகொண்டார். "நகராதது," என்றார்.

அவ்வளவுதான். அதுவரை அடக்கி வைத்திருந்த ராஜா வாய்விட்டுச் சிரித்தார். கிரீடம் சாய, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, பிடியின் கால் மேல் சாய்ந்து சிரித்தார். கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றிக் காரிக்குப் போட்டுவிட்டு, "இன்னும் என்ன வேண்டும், கேள்! ஓர் ஊரையே எழுதித் தரட்டுமா?" என்றார்.

"நிலம் மட்டும் வேண்டாம், மகாராஜா. வடக்கே யாருடைய வைக்கோல் இருக்குமோ!"

ராஜா மறுபடியும் சிரிக்க, சபை சிரிக்க, நீலகங்கரின் மருமகன்கள்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார்கள். பெருநாச்சி மட்டும் அங்கே இல்லை. அவள் அப்போதே கிணற்றடிக்குப் போயிருந்தாள். கழற்றிப்போட்ட ஆட்களைக் கொண்டே ஏற்றத்தைப் பூட்டவைத்து, முதல் சால் தண்ணீரைக் கொடிக்காலுக்கு இறைத்துக்கொண்டிருந்தாள்.