மாராயியின் பாட்டும் முப்பத்தேழு பேர் கைகளும்

முன்னொரு காலத்தில், சாமியை வைது பாடினால் சாமியே சிரிக்கும் என்று ஒரு நாடே நம்பிக்கொண்டிருந்தது. அந்த நாட்டின் பெயர் மறந்துபோயிற்று. அதன் தேர்த்திருவிழா மட்டும் கேட்டவர் மனதை விட்டுப் போகவில்லை. நெடுவேலி நாதரின் தேர் நிலைக்கு வந்து சேர்ந்ததும், வாய்த்துடுக்கு உள்ளவர் எவராவது கூட்டத்திலிருந்து முன்னால் வருவார். நாதரைக் கேலி செய்து ஒரு பாட்டுப் பாடுவார். அர்ச்சகர் கோயில் படியில் நின்று, நாதரின் சார்பில் எதிர்ப்பாட்டுப் பாடுவார். தோற்றவர் தலையில் ஒரு குடம் மஞ்சள் தண்ணீர் கொட்டும். அவ்வளவுதான் சண்டை.

அரண்மனை விகடகவி சேந்தன் தன் இருபதாவது வயதில் அப்படித்தான் நனைந்தான். கூட்டத்தில் நின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்த இளவரசர் மகிபாலர், ஈரம் காயும் முன்பே அவனை அரண்மனைக்கு அழைத்துப் போய்விட்டார். இப்போது மகிபாலர் அரசர். சேந்தனுக்கு மீசை நரைத்துவிட்டது. எதிர்ப்பாட்டும் நின்று ஏழு வருஷம் ஆகிவிட்டது. தருமாதிகாரியாக வந்த வாகீசர், "தெய்வத்துக்காக மனிதன் வாதாடுவதா!" என்று சொல்லி அர்ச்சகர் வாயை அடைத்துவிட்டார். ஜனங்களின் வாயை அடைக்க அவரால் முடியவில்லை. அரசருக்குப் பக்கத்தில் சேந்தனுக்கு ஓர் ஆசனம் இருப்பதும் அவர் கண்ணை நாள்தோறும் உறுத்தியது.

மூன்று வருஷமாக மழை இல்லாத காலம் அது. அந்த ஆண்டுத் தேரில் கயிறு திரிக்கும் மாராயி முன்னால் வந்தாள். இடுப்பில் கையை வைத்துக்கொண்டு பாடினாள்:

"பன்னீரில் குளிக்கிறாய் நாதா – என்
பானையில் துளியில்லை நாதா!
கண்ணிருந்தும் காணாத உனக்குக்
கண்மைதான் ஒரு கேடா நாதா!"

சிலர் சிரித்தார்கள். சிலர் காதைப் பொத்திக்கொண்டார்கள். படியில் நின்ற அர்ச்சகர் அம்பலவாணர் உதட்டைக் கடித்தபடி உள்ளே போய்விட்டார்.

மூன்றாம் நாள் நடுப்பகலில், சாமியைப் பழித்தாள் என்று கூவிக்கொண்டு முப்பத்தேழு பேர் தீப்பந்தங்களோடு கயிற்றுக்காரர் தெருவுக்குள் புகுந்தார்கள். பதினெட்டுக் கூரைகள் எரிந்து விழுந்தன. நார்க்கட்டுகளை வெளியே இழுக்க ஓடிய பொன்னன் என்ற கிழவருக்கு வலக்கை வெந்துபோயிற்று.

காவலர்கள் எரித்தவர்களைப் பிடித்தார்கள். பாடியவளையும் பிடித்தார்கள். சபை கூடியது.

"அரசே, தெருவை எரித்தது இவள் நாக்கு. அந்த நாக்கை அறுத்துவிட்டால் இனி நாட்டில் ஒரு பொறியும் பறக்காது" என்றார் வாகீசர்.

"அரசே, நாக்கில் பந்தம் கட்டிக்கொண்டு போனவள் எவளையும் நான் பார்த்ததில்லையே!" என்றான் சேந்தன்.

வேறொரு நாளாக இருந்தால் அரசர் சிரித்திருப்பார். அன்று அவருக்கு எரிச்சல். "உனக்கு எல்லாமே விளையாட்டு! நாளை நடுப்பகலுக்குள் குற்றவாளியைக் காட்டு. சாட்சியும் வேண்டாம், சாத்திரமும் வேண்டாம். குற்றவாளியே தன் வாயால் சொல்ல வேண்டும். இல்லையேல் அவள் நாக்கோடு உன் நாக்கும் போகும்."

வாகீசர் தாடியைத் தடவிக்கொண்டார். நானே செய்தேன் என்று எந்தக் குற்றவாளி சொல்வான்?

சாயங்காலம் சேந்தன் மாராயியை அடைத்துவைத்திருந்த யானைக்கொட்டடிக்குப் போனான். அவள் வைக்கோல்மேல் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தாள்.

"ஏன் தாயி, அந்தப் பாட்டைப் பாடாமல் இருந்திருக்கலாமோ?"

"பாடுனது பாடுனதுதாங்க சாமி. தண்ணியில்லாத வயித்தெரிச்சல், அப்படித்தான் வந்துச்சு. நாதருகிட்டக் கேக்காம யாருகிட்டக் கேக்க?" என்றாள். பிறகு குரல் தாழ்ந்தது. "அர்ச்சகர் ஐயா மொகம் சுருங்குனதப் பாத்தேன். அது என் பாட்டால வந்தது, ஒத்துக்கறேன். ஆனா பொன்னன் மாமன் கையை நான் சுட்டேன்னு சொல்றாங்களே, அதத்தான் தாங்க முடியல."

சேந்தனுக்கு அன்று வீட்டில் சோறு இறங்கவில்லை. அந்தப் பழைய குடத்துத் தண்ணீரின் குளிர்ச்சி முதுகில் ஓடுவதுபோல இருந்தது. அன்று தன்னை நனைத்தவர் அம்பலவாணரின் தகப்பனார். நனைத்த கையாலேயே தலையைத் துவட்டியும் விட்டார். அவன் பாடியதும் மாராயி பாடியதைவிடச் சாதுவான பாட்டு ஒன்றும் இல்லை. அன்றைக்கு மட்டும் ஏன் ஒரு கூரையும் எரியவில்லை?

மறுநாள் சபையில் முப்பத்தேழு பேரும் ஒரு பக்கம் நின்றார்கள். அவர்களைச் சுற்றி ஈட்டிக்காரர்கள். எதிரே மாராயி.

வாகீசர் முந்திக்கொண்டார். "அரசே, இவர்கள் ஒரு பாவமும் அறியாதவர்கள். பாட்டுக் காதில் விழுந்தது, கை தானாக எழுந்தது. இவர்கள் கையை ஆட்டியது இவள் நாக்கு. இவர்களையே கேளுங்கள்."

"ஆமாங்க மகாராஜா, கை தானா வந்துச்சுங்க!" என்று முப்பத்தேழு பேரும் ஒரே குரலில் சொன்னார்கள். பாடம் பண்ணியது போல இருந்தது.

சேந்தன் எழுந்து வணங்கினான். "அரசே, தருமாதிகாரி சொன்னதை அட்சரம் பிசகாமல் ஒப்புக்கொள்கிறேன். ஓலையில் எழுதச் சொல்லுங்கள்: இந்த முப்பத்தேழு பேர் கையும் மாராயியின் நாக்குச் சொன்னபடி ஆடும்."

வாகீசருக்கே திகைப்பு. ஓலை எழுதப்பட்டது.

"தாயி மாராயி, உனக்கு எழுபத்துநாலு கை கிடைத்திருக்கிறது. என்ன வேலை வாங்கப் போகிறாய்?"

மாராயி ஒரு கணம் விழித்தாள். பிறகு புரிந்துகொண்டாள். "எலே, போய் எங்க தெருவுக்குக் கூரை போடுங்கலே!"

ஒருவனும் அசையவில்லை.

"அரசே, எரிக்கும்போது கேட்ட கை, கட்டும்போது கேட்கவில்லையே!" என்றான் சேந்தன்.

வாகீசர் சமாளித்தார். "அந்தப் பாட்டுக்குத்தான் ஐயா அவர்கள் கை எழும்! வெறும் பேச்சுக்கு எழாது."

"அப்படியானால் அந்தப் பாட்டையே பாடட்டும்" என்றான் சேந்தன்.

சபையில் முணுமுணுப்பு எழுந்தது. அரசர் கையமர்த்தினார். மாராயி பாடினாள். நான்கு வரியும் முழுசாக, தேரடியில் பாடியதைவிட உரக்கப் பாடினாள்.

முப்பத்தேழு பேரும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள்.

முன்வரிசையில் கட்டாரி என்று ஒரு முரடன் நின்றிருந்தான். சேந்தன் அவனிடம் போய் அவன் கையைத் தூக்கிப் பார்த்தான், உதறிப் பார்த்தான். "என்னப்பா, கைக்கு வாதமா? பாட்டு முடிந்துவிட்டதே, இன்னும் எழவில்லையே?"

"நல்லாக் கேட்டீரு போம்!" என்று வெடித்தான் கட்டாரி. "சுத்தி ஈட்டியோட நிக்கிறானுக. இங்க கைய ஓங்க நான் என்ன கிறுக்கனா?"

சபை கொல்லென்று சிரித்தது. தான் சொன்னது என்னவென்று கட்டாரிக்கு அப்போதுதான் உறைத்தது.

"அரசே," என்றான் சேந்தன், "ஈட்டியைக் கண்டால் இந்தக் கை அடங்குகிறது. எதிரே கிழவர் மட்டும் இருந்தால் ஓங்குகிறது. இது கட்டாரியின் கைதான், அவனே சொல்லிவிட்டான். மாராயியின் நாக்குக்கும் ஒரு கணக்கு உண்டு. அதை அம்பலவாணரிடம் கேளுங்கள்."

அர்ச்சகர் முன்னால் வந்தார். "மனசு நொந்தது உண்மை. நான் நித்தம் தொட்டு மை இடுகிற கண்ணை அவள் பழித்தாள். வீட்டுக்குப் போய் அழுதேன்" என்றார்.

"பந்தம் எடுத்தீரா?" என்று கேட்டான் சேந்தன்.

"சிவ சிவா! எழுத்தாணியை எடுத்தேன். பதில் எழுதிவைத்திருக்கிறேன். பாடத்தான் உத்தரவு இல்லை."

அரசரின் முகம் மாறியது. தேரடியில் தோழர்களோடு முண்டியடித்து நின்ற பழைய நாட்கள் அவர் கண்ணில் தெரிந்தன. "ஏழு வருஷம் ஆயிற்று. பாடும் ஐயரே" என்றார் மெதுவாக.

அம்பலவாணர் தொண்டையைச் செருமிக்கொண்டார். குரல் நடுங்கினாலும் தாளம் தப்பவில்லை:

"ஏரியிலே மண்மேடு மாராயி – அதில்
எங்கே நான் நீர்வைப்பேன் மாராயி?
ஊராளும் மன்னனை விட்டுவிட்டு – என்
உறக்கத்தைக் கெடுப்பதேன் மாராயி?"

வாகீசர் துள்ளி எழுந்தார். "அரசே! ராஜநிந்தனை! இதைக் கேட்டும் தங்கள் கை..."

அரசரின் முகம் சிவந்திருந்தது. அவர் தம் வலக்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கோபம் வரத்தான் செய்தது வாகீசரே. ஆனால் கை என்னைக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது." சொல்லிவிட்டுச் சிரித்தார். கிரீடம் சாய, கண்ணில் நீர் முட்ட, இளவரசராக இருந்தபோது சிரித்த அதே சிரிப்பு. மாராயி அர்ச்சகரைப் பார்த்துக் கும்பிட்டாள். "தோத்தேன் சாமி. உங்க பாட்டு என்னோட ஒன்னுக்கு ரெண்டா இருக்கு" என்றாள். அர்ச்சகரும் சிரித்துவிட்டார்.

தீர்ப்பு அன்றே ஆயிற்று. பதினெட்டு வீட்டையும் முப்பத்தேழு பேரும் தங்கள் கையாலேயே கட்டிக்கொடுக்க வேண்டும். பொன்னன் உயிரோடு இருக்கும்வரை அவருக்குக் கயிறு திரித்துத் தர வேண்டியது கட்டாரி. பாடம் சொல்லிக்கொடுத்த வாகீசருக்குப் பதவி போயிற்று, ஏரியைத் தூர்வாரக் கையில் ஒரு மண்கூடை வந்தது. எதிர்ப்பாட்டுக்குத் தடை நீங்கியது.

அரசர் தம் தோளிலிருந்த பட்டுச் சால்வையைச் சேந்தனுக்குப் போர்த்தினார். "இன்னும் என்ன வேண்டும், கேள்" என்றார்.

"நாளைக்கு ஏரிக்கரைக்குத் தாங்களும் வர வேண்டும், அரசே. முதல் கூடை தாங்கள் எடுத்தால் மற்றவர்களுக்கு முதுகு வலிக்காது."

அரசர் வந்தார். ஏரியின் ஆழத்தில் இன்னும் காயாமல் கிடந்த சேற்றில் வழுக்கி உட்கார்ந்தும் விட்டார். அவரைத் தூக்கிவிடப் போன சேந்தனும் விழுந்தான். நரைத்த மீசையெல்லாம் சேறாக இரண்டு பேரும் ஏரிக்குள் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்ததை அந்த நாட்டுக்காரர்கள் வெகுகாலம் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.