காட்டுப்பூனை அடித்த காசு

ஆற்றங்கரைக் காட்டில் மாசிலன் என்றொரு காட்டுப்பூனை இருந்தது. மீன் திருட வரும் நரிகளைத் தடுக்கப் புலியரசன் அதை ஆற்றுக்குக் காவல் வைத்திருந்தது. மாசிலனா தடுக்கும்? நரிகள் திருடிவிட்டுத் திரும்பும்வரை புதருக்குள் படுத்திருக்கும். பிறகு மீனைப் பிடுங்கித் தானே தின்றுவிடும்.

விஷயம் புலியின் காதுக்கு எட்டியது. தலை தப்பாது என்று தெரிந்ததும் மாசிலன் தன்னோடு காவலிருந்த நீர்நாய்களைக் கூட்டிக்கொண்டு ஆற்றின் நடுவிலிருந்த தீவுக்கு ஓடியது. அங்கே தன்னை ராஜா என்று சொல்லிக்கொண்டது.

சொன்னால் போதுமா, தீவு நம்ப வேண்டாமா? களிமண்ணைச் சுட்டுக் காசு அடித்தது. ஒரு பக்கம் தன் முகம், மறுபக்கம் கூடை நிறைய மீன். பசித்த நீர்நாய்க் குட்டிகள் அந்த மீனை நக்கிப் பார்த்தன. மண்தான் ருசித்தது.

இந்தப் பூனைக்காகப் புலியிடம் அடிபட்டுச் சாகவா என்று நீர்நாய்கள் முணுமுணுத்தன. அவை கைவிட்டால் மாசிலனின் கதி அவ்வளவுதான். உடனே புதுக் காசு வந்தது. அதில் புலியும் பூனையும் கன்னத்தோடு கன்னம் ஒட்டி நின்றன. புலி தன் அண்ணன் என்றும், தீவைத் தனக்குப் பிரியமாகக் கொடுத்துவிட்டது என்றும் மாசிலன் ஊரெல்லாம் சொல்லவைத்தது. நீர்நாய்களின் பயம் போனது. நாளாக நாளாக, தண்ணீரில் முகம் பார்க்கும்போதெல்லாம் மாசிலனுக்கே தான் கொஞ்சம் புலி ஜாடை என்று தோன்றியது. வெட்கம் கெட்ட பிறவி!

ஒரு நாள் காலையில் புலி நீந்தி வந்தது. மாசிலன் துறையில் நின்ற நீர்நாய்த் தலைவனிடம் ஓடி, புலியை மடக்கச் சொல்லிக் கத்தியது.

"எதுக்கு ராஜா? உங்க அண்ணன்தானே வந்திருக்கார்? நாங்களே வழிவிட்டுட்டோம்."

"அவன் என் எதிரிடா, மடையா!"

தலைவன் காசை எடுத்து நீட்டியது. "அப்போ இது பொய்யா?"

பொய் என்றால் நீர்நாய்கள் போய்விடும். மெய் என்றால் சண்டைக்கே இடமில்லை. மாசிலன் காசைப் பிடுங்கப் பார்த்தது. அதற்குள் புலி கரையேறி அந்தக் காசை எட்டிப் பார்த்தது.

"எனக்குத் தம்பியா? எங்கம்மா சொல்லவே இல்லையே" என்றது புலி.

ஒரே அறை. மாசிலனின் ராஜ்யமும் உயிரும் அங்கேயே முடிந்தன.

ஊரை நம்பவைக்கப் பொய்யைப் பரப்புகிறவன், ஊர் அதை முழுசாக நம்பிவிட்ட அன்றைக்கே அகப்பட்டுக்கொள்வான்.