ஒரே சைக்கிளில் ஓடிய பந்தயம்

கூளப்பாளையத்துக்காரர்களை முட்டாள்கள் என்று சொல்ல எனக்கு மனசு வராது. நல்ல ஜனங்கள், சொன்ன பேச்சைத் தட்டாதவர்கள். ஒரு சொல் கூட்டாமல், ஒரு சொல் குறைக்காமல், சொன்னதை அப்படியே செய்து முடிப்பார்கள். சுற்றுவட்டாரத்தில் யாரும் அவர்களிடம் எதையும் சொல்லத் தயங்குவது அதனால்தான்.

அந்த ஊரில் ஒரு சைக்கிள் மன்றம் இருந்தது. உறுப்பினர்கள் நாலு பேர், சைக்கிள் ஒன்று. சைக்கிள் வெள்ளிங்கிரியுடையது. விடியற்காலையில் அவன் அதில் பால் கேன் கட்டிக்கொண்டு போவான். வெயில் ஏறியதும் அதே சைக்கிளில் நாச்சிமுத்து ஐஸ் பெட்டி வைத்து விற்பான். சாயங்காலம் ராக்கியப்பன் கோலமாவு மூட்டை ஏற்றுவான். ஓதிச்சாமிக்கு சைக்கிள் ஓட்டவே தெரியாது. அவர் ஒருவர்தான் பாரபட்சம் பார்க்க மாட்டார் என்று அவரைத் தலைவராக்கியிருந்தார்கள்.

வெள்ளிங்கிரிக்கு அப்போது வீட்டில் ஒரு சங்கடம். மனுஷன் எதற்கும் பிந்தித்தான் வருவான். சொந்த மச்சான் கல்யாணத்துக்கு அவன் போய்ச் சேர்ந்தபோது பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். "ஒண்ணே ஒண்ணுலயாச்சும் மொதல்ல வந்துபோட்டு, அப்பறம் என்னையக் கூப்பிட வாங்க" என்று சொல்லிவிட்டு அவன் மனைவி தெய்வாத்தாள் பக்கத்து ஊரான மேட்டுக்கடையில் இருக்கும் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள்.

வேறு ஊர்க்காரனாக இருந்தால் ரெண்டு முழம் மல்லிகைப் பூவோடு போய் கெஞ்சிக் கூட்டி வந்திருப்பான். வெள்ளிங்கிரி முதலில் வரக் கிளம்பினான். ரேஷன் கடை வரிசையில் முதல் ஆளாகப் போய் நின்றான். அன்றைக்குக் கடை லீவு. பின்னால் யாரும் வரவில்லை என்பதால் அது வரிசையே இல்லை என்று ஓதிச்சாமி தள்ளுபடி செய்துவிட்டார். கல்யாணப் பந்தியில் முதல் இலையில் போய் உட்கார்ந்தான். பரிமாறுகிறவர்கள் எதிர்க்கோடியிலிருந்து ஆரம்பித்தார்கள். தானே பொங்கித் தானே தின்று ஆள் பாதியாக இளைத்துவிட்டான். பார்க்க எனக்கே பாவமாக இருந்தது.

இந்தச் சமயத்தில்தான் மேட்டுக்கடை சைக்கிள் கழகத் தலைவர் திருமலைச்சாமி வந்து சேர்ந்தார். வெளிநாட்டு சைக்கிள் பந்தயங்களை டி.வி.யில் பார்த்துப் பார்த்து மனுஷனுக்கு அதில் ஒரு பித்து. கழகத்து ஆண்டு விழாவில் அதைப் பற்றி ஒரு பட்டிமன்றம் வைக்க ஆசைப்பட்டு, பேசவும் நடுவராக இருக்கவும் கூளப்பாளையத்து மன்றத்தைக் கூப்பிட்டார்.

"இந்தப் பத்து வருசத்துல தலைசிறந்த ஆண் சைக்கிள் வீரர் யாரு? ரோட்டுல ஓட்டறவரா இருக்கோணும், அதையே தொழிலா வெச்சிருக்கோணும். மொதல் ஆளு யாருன்னு ஞாயித்துக்கெழம காலைல எங்க மேடையில தெரிஞ்சாகோணும். வர்றவருக்குப் பொன்னாடை உண்டு. நடுவர் மட்டும் எந்தப் பக்கமும் சாயப்படாது" என்றார்.

பேசப்போவது வெளிநாட்டு வீரர்களைப் பற்றி என்பதை மட்டும் சொல்ல மறந்துவிட்டார். உலகத்தில் வேறு சைக்கிள்காரர்களும் இருப்பது எல்லோருக்கும் தெரியும் என்று நினைத்திருப்பார், பாவம்.

'முதல் ஆள்' என்று காதில் விழுந்ததும் வெள்ளிங்கிரியின் முகத்தில் பல நாளைக்குப் பிறகு வெளிச்சம் வந்தது. பால் சொசைட்டி வாசலில் மன்றம் கூடியது.

முதலில் 'ஆண்' என்ற விஷயத்தை எடுத்துக்கொண்டார்கள். மூன்று பேரும் ஆண்கள்தான் என்று ஓதிச்சாமி சொன்னார். எதற்கும் வீட்டில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது என்றான் ராக்கியப்பன். போய்க் கேட்டுவிட்டுத் திட்டு வாங்கிக்கொண்டு வந்தார்கள். அடுத்து யார் பெரியவன் என்ற பேச்சு. ஐஸ் உருகுவதற்குள் ஊரைச் சுற்றுகிறவன் தான் ஒருவனே என்றான் நாச்சிமுத்து. ராக்கியப்பன் ரோட்டையே சாட்சிக்குக் கூப்பிட்டான். அவன் மூட்டையில் ஓட்டை, போன இடமெல்லாம் கோலமாவு கோடு கிடந்தது. பாலை ஏற்றிக்கொண்டு போய்த் தயிராகக் கொடுப்பவன் இந்த ஜில்லாவிலேயே தான் ஒருவன்தான் என்று வெள்ளிங்கிரி பெருமையாகச் சொன்னான். ஒன்றுக்கொன்று இளைத்ததில்லை என்று ஓதிச்சாமி தலையைச் சொறிந்தார்.

அப்போது நாச்சிமுத்து ஒரு குண்டைத் தூக்கிப் போட்டான்.

"ஏனுங்ணா, பத்து வருசம் ரோட்டுல ஓட்டிருக்கோணும்னாரு. இங்க ரோடு போட்டே மூணு வருசந்தான ஆச்சு?"

"அதுக்கு மின்ன எதுல ஓட்டுனோம்?"

"மண்ணுல."

"மண்ணு ரோட்டுல சேராது" என்றார் ஓதிச்சாமி. "அப்ப இன்னொரு ஏழு வருசம் பொறுத்துத்தான் முடிவு சொல்லோணும்."

எல்லோரும் சரி என்று எழுந்துவிட்டார்கள். வெள்ளிங்கிரிக்குக் கண்ணில் தண்ணீர் கட்டிவிட்டது. "ஏழு வருசம் நானே சோறு பொங்க முடியாதுங்ணா" என்றான். அந்தச் சோற்றை ஒரு தடவை தின்று பார்த்தவர் ஓதிச்சாமி. மனம் இரங்கி, ரோடு போட்ட அந்த மூணு வருசமே போதும், ஞாயிற்றுக்கிழமை மேட்டுக்கடை மேடை வரைக்கும் பந்தயம் விட்டுப் பார்த்துவிடலாம் என்று தீர்ப்புச் சொன்னார்.

பந்தயத்துக்கு மூன்று பேர், சைக்கிள் ஒன்று. அதனாலென்ன, மூன்று பேரும் அதிலேயே ஏறிக்கொண்டார்கள். வெள்ளிங்கிரி சீட்டில், நாச்சிமுத்து முன் பாரில், ராக்கியப்பன் கேரியரில். யார் முந்துகிறார்கள் என்று நடுவர் கிட்டத்திலிருந்து பார்த்தாக வேண்டும் அல்லவா? ஓதிச்சாமி ஹேண்டில்பார் மேல் ஏறி, மூன்று பேர் முகமும் தெரிகிற மாதிரி பின்பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார்.

மிதித்ததெல்லாம் வெள்ளிங்கிரி. நடுவர் மறைத்துக்கொண்டிருந்ததால் அவனுக்கு ரோடே தெரியவில்லை. மற்ற இருவரும் முந்திவிடக் கூடாது என்று ராக்கியப்பன் வழி நெடுகக் காலைத் தரையில் தேய்த்துக்கொண்டே வந்தான். வாய்க்கால் வளைவில் சைக்கிள் ஒருக்களித்தபோது, எந்தப் பக்கமும் சாயக் கூடாது என்ற வார்த்தையை மதித்து ஓதிச்சாமி விறைப்பாக நிமிர்ந்தார். சைக்கிள் நேரே சோளக்காட்டுக்குள் போய் மறுபக்கம் வெளியே வந்தது. வெள்ளிங்கிரி மிதிப்பதை நிறுத்தவேயில்லை.

மேடைக்கு எதிர்வீடுதான் தெய்வாத்தாளின் அம்மா வீடு. அவள் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவளைக் கண்டதும் வெள்ளிங்கிரி பிரேக்கை மறந்துவிட்டான். சைக்கிள் பந்தல் காலில் முட்டி நின்றது. ஓதிச்சாமி மைக்கை வாங்கி முடிவைச் சொன்னார்.

"மொதல்ல வந்தது நானு. ஆனா நான் பந்தயத்துலயே இல்ல. அதனால நாச்சிமுத்து மொதலு. வெள்ளிங்கிரி ரெண்டாவது. ராக்கியப்பன் மூணாவது."

ராக்கியப்பன் ஒத்துக்கொள்ளவில்லை. முன்னால் உட்கார்ந்தவன் முதலில் வராமல் வேறென்ன செய்வான், சைக்கிளைப் பின்னுக்குத் தள்ளிப் பார்த்தால்தான் நியாயம் தெரியும் என்றான். அது நியாயமாகத்தான் பட்டது. எல்லோரும் மறுபடி ஏற, சபையிலிருந்த நாலு பேர் சைக்கிளைப் பின்னுக்குத் தள்ளினார்கள். ராக்கியப்பன் முதல், வெள்ளிங்கிரி ரெண்டாவது, நாச்சிமுத்து மூன்றாவது.

வெள்ளிங்கிரி தரையில் உட்கார்ந்துவிட்டான். "முன்னுக்குப் போனாலும் ரெண்டு, பின்னுக்குப் போனாலும் ரெண்டு. மெதிக்கறவன் எப்பத்தான் மொதல்ல வர்றது?" என்றான். எனக்குத் தெரிந்து கூளப்பாளையத்தில் யாரும் இத்தனை விவரமாகப் பேசியது கிடையாது.

தனியாக ஒரு நடை ஓட்டட்டும் என்று விட்டார்கள். வெள்ளிங்கிரி தெருமுனை வரைக்கும் போய்த் திரும்பி வந்தான். ஓதிச்சாமி மறுபடி மைக்கைப் பிடித்தார். "மொதல்ல வந்தது வெள்ளிங்கிரி" என்றார். கை தட்டினார்கள். "கடைசியா வந்ததும் வெள்ளிங்கிரி. கடைசியா வந்தவனுக்குப் பொன்னாடை போத்துனா ஊரு சிரிக்கும்" என்று சேர்த்துக்கொண்டார். திருமலைச்சாமி கையில் பொன்னாடையோடு வாயைத் திறந்தபடி நின்றார்.

தெய்வாத்தாள் பையைத் தூக்கிக்கொண்டு தெருவைத் தாண்டி வந்தாள். "கடைசின்னு சொன்னது என்ற காதுல வுழுகல. மொதல்லன்னது வுழுந்துச்சு. போலாம் வாங்க" என்றாள்.

வந்த சந்தோஷத்தில் அவள் முன் பாரிலேயே ஏறி உட்கார்ந்தாள். வெள்ளிங்கிரிக்குக் காற்றில் மிதக்கிற மாதிரி இருந்தது. நடுவர் வேலை முடியவில்லை என்று ஓதிச்சாமி கேரியரில் தொற்றிக்கொண்டார். கூளப்பாளையத்து வீட்டு வாசலில் இறங்கியதும், யாரும் கேட்காமலே முடிவைச் சொன்னார்: தெய்வாத்தாள் முதல், வெள்ளிங்கிரி ரெண்டாவது.

தெய்வாத்தாள் முகம் மாறிவிட்டது. என்ன இருந்தாலும் கூளப்பாளையத்துக்கு வாழ்க்கைப்பட்டவள். "அப்ப நீங்க இன்னமும் மொதல்ல வருல" என்றாள். எடுத்த பையோடு, என்னை அம்மா வீட்டில் கொண்டுபோய் விடுங்கள் என்று சொல்லிவிட்டாள். கோபத்தில் அவன் முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல், கேரியரில் பின்பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள்.

மேட்டுக்கடையில் நாச்சிமுத்துவும் ராக்கியப்பனும் விழாவில் கொடுத்த தக்காளிச் சாதத்தைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். சைக்கிள் வந்து நின்றதைப் பார்த்து இரண்டு பேரும் ஒரே குரலில் சொன்னார்கள், வெள்ளிங்கிரி முதல், தெய்வாத்தாள் ரெண்டாவது. தெய்வாத்தாளுக்கு சந்தோஷம் தாங்கவில்லை. ஓடி வந்து முன் பாரில் ஏறிக்கொண்டாள். வீட்டுக்குப் போனார்கள். அங்கே ஓதிச்சாமி காத்துக்கொண்டிருந்தார்.

போகும்போது கேரியர், வரும்போது முன் பார் என்று அந்த சைக்கிள் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. பாலும் ஐஸும் கோலமாவும் இப்போது நடந்தே வருகின்றன. இந்தப் பத்தாண்டில் ரோட்டில் இத்தனை தூரம் மிதித்த ஆண்பிள்ளை வேறு யாரும் இருக்க முடியாது என்று திருமலைச்சாமியே ஒத்துக்கொண்டு, பொன்னாடையோடு ஒரு நாள் ஓதிச்சாமி வீட்டுக்கு வந்துவிட்டார். ஆனால் ஓதிச்சாமி விடவில்லை. அந்த சைக்கிள் ஓடிய ஓட்டத்தில் பழைய ரோடு தேய்ந்து குழியாகி, போன மாதம்தான் புதுத் தார் போட்டிருக்கிறார்கள். பத்து வருசத்தை மறுபடி முதலிலிருந்து எண்ண வேண்டும் என்று சொல்லி அவரைத் திருப்பி அனுப்பிவிட்டார்.