முதலில் திரும்பிய எலும்பு

இந்தக் கதையில் குருவுக்கு வயது முப்பத்திரண்டு, சீடருக்கு நாற்பத்தாறு.

குருவின் பெயர் ஜெசிந்தா. கோவை கணபதியில் ஒரு மாடியில் சின்னதாக அனிமேஷன் ஸ்டூடியோ நடத்துகிறார். சீடர் நாச்சிமுத்து. இருபது வருடம் பம்பு கம்பெனியில் வரைபடம் போட்டவர். கம்பெனி மூடியதும் பிள்ளைகளுக்கான படம் செய்யக் கற்றுக்கொள்ள வந்து சேர்ந்தார்.

மூன்று மாதப் பயிற்சி அன்றோடு முடிகிறது. ஐந்து மணிக்குள் அவர் செய்த காட்சி தேறினால் வேலை. தேறாவிட்டால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

காட்சி சின்னதுதான். பள்ளிக்கூட வாசலில் ஒரு சிறுமி தனியாக நிற்கிறாள். மற்ற பிள்ளைகள் எல்லாம் போய்விட்டார்கள். பின்னாலிருந்து அப்பா கூப்பிடுகிறார். அவள் திரும்ப வேண்டும்.

கணினியில் அந்தச் சிறுமியின் படத்துக்குள் எலும்புகள் உண்டு. கழுத்துக்கு ஒன்று, தோளுக்கு ஒன்று, சடைக்கு மூன்று. எந்த எலும்பு எந்த நொடியில் அசைய வேண்டும் என்று ஒரு புள்ளி வைப்பார்கள். அதற்குக் கீ என்று பெயர். நாச்சிமுத்து ஒன்பது நாளாகக் கீ வைத்துக்கொண்டிருந்தார். சிறுமியும் திரும்பினாள், மோட்டார் தண்டு திரும்புவதுபோல.

சரியில்லை என்று தோன்றும்போதெல்லாம் இன்னொரு எலும்பைச் சேர்த்தார். பதினாலில் தொடங்கியது நாற்பத்தொன்றில் வந்து நின்றது. எலும்பு வைத்தியரே மலைத்துப்போவார்.

காலையில் ஜெசிந்தாவிடம் கேட்டார்.

"மேடம், எந்த எலும்புக்கு முதல்ல கீ வைக்கறதுங்க?"

ஜெசிந்தா தன் மேசைக்குப் போனார். சற்று நேரம் கழித்து அங்கிருந்தே, "நாச்சிமுத்து சார்" என்று கூப்பிட்டார்.

நாச்சிமுத்து திரும்பினார்.

"இப்பத் திரும்பினது நீங்களா, நாற்காலியா?"

நாச்சிமுத்து குனிந்து பார்த்தார். சுழல் நாற்காலி. அதில் உட்கார்ந்தபடியே திரும்பித் திரும்பித் தன்னைச் செல்போனில் படம் பிடித்து, அதைப் பார்த்துத்தான் ஒன்பது நாளாகச் சிறுமியைத் திருப்பிக்கொண்டிருந்தார். வெட்கத்தில் காதுவரை சூடேறியது.

ஜெசிந்தா அந்த நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டு, ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டார். மறுபடியும் கூப்பிட்டார். இந்த முறை நாச்சிமுத்து தயாராக இருந்தார். முதலில் கண், பிறகு கழுத்து, பிறகு தோள் என்று ஒழுங்காகத் திரும்பினார்.

"நான் கூப்பிடறதுக்கு முன்னாடியே திரும்பிட்டீங்க சார்."

அதன்பின் அவர் கூப்பிடவே இல்லை. நாச்சிமுத்து ஒவ்வொரு எலும்பாக முதலில் வைத்துப் பார்த்தார். கண்ணை முதலில் வைத்தால் சிறுமி எதையோ திருடியவள்போல் இருந்தாள். தோளை வைத்தால் சண்டைக்கு வருகிறவள்போல் இருந்தாள். சாப்பாட்டுப் பாத்திரம் திறக்கப்படாமலே கிடந்தது.

மணி மூன்றரை தாண்டியது. அவருக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கம்பெனி மூடிய அன்றுகூட இப்படி இருக்கவில்லை. தாரணியிடம் என்ன சொல்வது? எட்டு வயது மகள். அப்பா செய்த பாப்பா டிவியில் வரப்போகிறாள் என்று வகுப்பு முழுக்கச் சொல்லிவைத்திருக்கிறாள். நாச்சிமுத்து மூக்கை உறிஞ்சிக்கொண்டு நாற்பத்திரண்டாவது எலும்பைச் சேர்த்தார்.

"அப்பா."

ஸ்டூல் சரிந்து விழுந்தது. மவுஸ் அவர் கையோடு வந்து தொங்கியது. வாசலில் யூனிபார்மோடு தாரணி நின்றாள், பக்கத்தில் அவர் மனைவி. பள்ளிக்கூடம் விட்டதும் நேராக இங்கே வரும்படி ஜெசிந்தா காலையிலேயே போன் செய்திருந்தார்.

ஜெசிந்தா பக்கத்தில் வந்து ஸ்டூலை நிமிர்த்தி வைத்தார்.

"இப்ப எந்த எலும்பு சார் முதல்ல திரும்பிச்சு?"

நாச்சிமுத்து யோசித்தார். கண்ணா, கழுத்தா, தோளா? எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை.

"தெரியலீங்க மேடம். பாப்பா குரல்னு மட்டும் தெரிஞ்சுதுங்க. அப்புறம் பார்த்தா திரும்பி நிக்கறேன்."

ஜெசிந்தா கடிகாரத்தைப் பார்த்தார். ஐந்து ஆக இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது.

"பாப்பா குரல்னு தெரிஞ்சுது பாருங்க, அங்க கீ வைங்க சார்."